அப்புச்சியை ஊடு சேர்த்தது

சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பல்லடம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரப்பர் பூட்ஸுக்குள் நாளெல்லாம் ஊறிய கால்கள் வெந்துபோயிருந்ததால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தேன். யாரோடும் சண்டை இல்லை. ஒரு வேலையில் சில மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்படித்தான். லாரி கிளீனர், கோழிப்பண்ணை, லூதியானாவில் ஸ்வெட்டர் கம்பெனி, கடைசியாக இந்தச் சாயப்பட்டறை. அடுத்து எங்கே என்று யோசிக்காமல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அத்தை போன் செய்தாள்.

"கண்ணு, எங்கிருக்கற?"

"ரோட்டுலங்க அத்தை."

"அப்புச்சி என்னமோ இந்தில பேசறாருப்பா. காலைலருந்து அதேதான். எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீ வா சாமி."

அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். என் அப்புச்சி ராமசாமி பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஒரு ஸ்பின்னிங் மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்து, குண்டடத்துக்கு அப்பால் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். அம்மா இறந்தபோது நான் மிகச் சின்னப் பையன். அப்பா வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். என்னை வளர்த்தது அப்புச்சிதான். அத்தனை வருடத்தில் வீட்டுக்குள் அவர் ஒரு வார்த்தை இந்தி பேசி நான் கேட்டதில்லை. பட்டாளத்தை அவர் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தவர். அதனால் அத்தை சொன்னதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் போவதற்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு போகிறவர் அவர். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். இடது கால் எழவில்லை.

"அபி நஹி சாப்," என்றார். "புல் தயார் நஹி."

லூதியானாவில் கற்ற அரைகுறை இந்தி அதற்குப் போதும். இன்னும் இல்லை ஐயா, பாலம் ஆகவில்லை என்கிறார். வண்டிகளை விடாதீர்கள் என்று கையை உயர்த்தித் தடுத்தார். நான் அவருக்கு மேலதிகாரியாகத் தெரிந்தேன்.

"நாந்தானுங்க அப்புச்சி," என்றேன்.

"அபி நஹி சாப்," என்றார் மறுபடியும், மரியாதையாக.

லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். தெரியாத ஊரில் காய்ச்சலோடு தனியாகக் கிடந்திருக்கிறேன். அதிலெல்லாம் வராத பயம் அந்த மரியாதையில் வந்தது.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு இளம்பெண். திரையில் படத்தைக் காட்டி, மண்டை ஓட்டை ஒட்டிப் பிறை போலிருந்த ஒரு கறுப்பைத் தொட்டார்.

"இது பழைய ரத்தம். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு, மூளைய ஒரு பக்கமாத் தள்ளியிருக்கு. எப்ப விழுந்தாரு?"

"உழவே இல்லீங்க," என்றார் மாமா. மாமா தங்கவேல் அப்புச்சியின் ஒரே மகன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார்.

அத்தைதான் மெதுவாகச் சொன்னாள். "மொபெட்டு கண்ணாடி ஒடைஞ்சிருந்துதுங்க. நிறுத்தி வெச்சது சாஞ்சிருச்சுன்னாரு எங்க மாமனாரு. அப்பறம் ரெண்டு நாளு தலைக்கு எண்ணெய் வெச்சுக்கல. ஒரு மாசத்துக்கு மேல இருக்குமுங்க."

பட்டாளத்தில் சிக் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. உடம்பு முடியாதவன் காலையில் பெயர் கொடுக்க வேண்டும். வேலைக்குப் பயந்து பெயர் கொடுக்கிறான் என்று கூட இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். அப்புச்சி சர்வீஸ் முழுக்கப் பெயர் கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கொடுக்கவில்லை. தலைவலி என்று இடையில் தாராபுரத்தில் ஒரு டாக்டரிடம் மாமா கூட்டிப்போயிருக்கிறார். அங்கே இவர் நாற்காலியில் உட்காராமல் விறைப்பாக நின்றுகொண்டு, கேட்டதற்கெல்லாம் "இல்லீங்க சார், நல்லா இருக்கேன் சார்" என்று பதில் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு நோயாளியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தலைவலி மாத்திரையோடு திரும்பி வந்துவிட்டார்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலையில் பட்ட அடியின் விளைவு வாரக் கணக்கில் காத்திருந்தும் வரும். அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும்.

"ஏனுங்க டாக்டர், இந்த வயசுல தலைய அறுத்தாத் தாங்குவாருங்களா?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, டியூப் வெச்சு வடிய விடுவோம். அவ்வளவுதான். ஆனா வயசு ஆயிடுச்சு. ரத்தம் உறையாம இருக்க இதயத்துக்கு மாத்திரை வேற சாப்பிட்டிருக்காரு. ஆபத்து இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். செய்யலேன்னா கொஞ்ச நாள்தான்."

மாமா என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம் மாப்ள. இங்க போச்சுன்னா என்னாகும்னு உனக்குத் தெரியுமல்ல?"

தெரியும். உயிர் வெளியே போய்விட்டால் உடம்பை வீட்டுக்குள் விடமாட்டார்கள். வாசலில் பந்தல் போட்டு, வாசலிலேயே வைத்து எடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அது கட்டாயம். அதனாலேயே சாகப் போகிறவரை மூச்சு இருக்கும்போதே ஆம்புலன்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

"அவரு கட்டுன ஊடுடா," என்றார் மாமா. "அவர வாசல்ல போட்டு வெக்கச் சொல்றயா?"

எனக்கு வாசலைப் பற்றி அப்போது நினைப்பு இல்லை. என்னை அதிகாரி என்று நினைத்துக்கொண்டே போய்விடுவாரோ என்பதுதான் என் பயம். "ஒருக்கா நம்மளத் தெரிஞ்சு பேசட்டுங்க மாமா," என்றேன். எந்த வேலையிலும் நிற்காதவன் பேச்சுக்கு அந்தக் குடும்பத்தில் என்ன மதிப்பு?

அத்தை பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "கொண்டு போயிப் படுக்க வெச்சுட்டு, ஆரோ பாலம் கட்டறதப் பேசறாருன்னு சுத்தி உக்காந்து கேட்டுட்டிருப்பீங்களா?" என்றாள் மாமாவிடம். "கையெழுத்துப் போடுங்க."

மாமா போட்டார்.

ஐ.சி.யு.வுக்கு வெளியே இருந்த கூடத்தில் பாதிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். கட்டிங் மெஷினில் கை போனவனின் அண்ணன், ஒரிசாக்காரப் பையனுக்குத் துணையாக வந்த காண்ட்ராக்டர் என்று எல்லோரும் தரையில் துண்டை விரித்திருந்தார்கள். மாமாவுக்கு நிமிடத்துக்கு ஒரு போன். "பீஸ் ரெடிங்க, பட்டன் மட்டும் வரோணுங்க" என்று ஏற்றுமதிக்காரரிடம் எப்போதும் சொல்லும் பொய்யைச் சொல்லிக்கொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டாளத்து மருத்துவ அட்டை இருந்ததால் பெரிய பில்லுக்குப் பயமில்லை. அட்டையில் வராத மருந்துகளை மாமா வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு ஆனது என்று இன்றுவரை சொல்லவில்லை.

அங்கே எங்களுக்குத் தெரிந்த பயம் ஸ்பீக்கர்தான். "ராமசாமி அட்டெண்டர் உள்ளே வரவும்" என்று கூப்பிடுவார்கள். உள்ளே இரண்டு ராமசாமிகள் இருந்தார்கள். கூப்பிட்டதும் எங்கள் குடும்பமும் எழும், காங்கேயத்துக் குடும்பம் ஒன்றும் எழும். இரு கூட்டமும் கதவு வரைக்கும் போய், யார் என்று நர்ஸ் சொல்லும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்போம். ஒருமுறை அது அவர்களுக்கு. அந்தப் பெண்கள் சுவரில் சாய்ந்து அழுதார்கள். நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தோம். மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்கு நீட்டினார். எங்கள் இருவருக்கும் வந்திருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து எழுந்து போக ஒரு குடும்பம்தான் மிச்சம்.

அத்தை தினமும் சோற்றுத் தூக்கோடு ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொண்டுவருவாள். தையலில் மிச்சம் விழும் பனியன் துண்டுகள், வெந்நீரில் அலசிக் காயவைத்தவை. ஆஸ்பத்திரிப் பஞ்சு அப்புச்சியின் தோலை உரித்துவிடும், இந்தத் துணியால்தான் வாய் துடைக்க வேண்டும், கால் துடைக்க வேண்டும் என்பாள். நர்ஸே "அக்கா, நாலு துண்டு கொடுங்க" என்று மற்ற நோயாளிகளுக்கும் வாங்கிப்போனாள். கூடத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்தாள் அத்தை. கொஞ்ச நாளில் அந்த வார்டில் பாதிப் பேர் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இளநீலத் துணியில் வாய் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதய மாத்திரையின் வீரியம் இறங்கட்டும் என்று சில நாள் காத்திருந்துதான் ஆபரேஷன் செய்தார்கள். தலையில் தொங்கிய டியூபில் கருப்பட்டிப் பாகு மாதிரி ரத்தம் வடிந்தது. மறுநாள் என்னை உள்ளே விட்டார்கள். அப்புச்சி கண்ணை மூடியிருந்தார். கால்மாட்டில் நின்றேன். கிட்டே போகப் பயம். என்னவென்று கூப்பிடப்போகிறாரோ. கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"காலக் காட்டு," என்றார்.

நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டாளத்தில் நடந்து வந்ததும் சிப்பாய்களின் பாதத்தைச் சோதிப்பார்களாம். கொப்புளம் வந்த காலை மறைத்து வைத்தால் மலையில் அது ஆளையே கொன்றுவிடும். நான் ஓடிப்போன ஒவ்வொரு இடத்துக்கும் அப்புச்சி தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கோழிப்பண்ணைக்கு வந்தார், லாரி ஷெட்டுக்கு வந்தார், ஒருமுறை லூதியானாவுக்கே ரயிலேறி வந்தார். திட்டியதில்லை, வா என்று இழுத்ததும் இல்லை. முதலாளியோடு ஒரு டீ குடிப்பார். என்னை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார். விரல் சந்தில் புண் இருந்தால் பையிலிருந்து பவுடர் எடுத்துப் போடுவார். செருப்புத் தேய்ந்திருந்தால் புதிது வாங்கித் தந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

செருப்பைக் கழற்றிக் காட்டினேன். சாயத் தண்ணீரில் வெந்த தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"இதென்ன வேலடா," என்றார். "பேரு குடுக்கலையா?"

"நீங்க குடுத்தீங்களா?" என்றேன்.

சிரித்தார். சிரித்தால் தையல் இழுத்தது, ஆனாலும் சிரித்தார்.

அடுத்து வந்தவை நல்ல நாட்கள். சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மாமா போனை அணைத்துவிட்டு அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கிணறு, வாய்க்கால், யாரோ விற்ற காடு என்று பேசினார். இருவரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. "ஏப்பா, உன்ற கம்பெனில பட்டனு வந்துதா?" என்று அப்புச்சி கேட்க, மாமா வெட்கப்பட்டார்.

ஒரு மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். மலைப்பிரதேசத்தில் பாலம் போடும்போது கணியூர்க்காரர் ஒருவர் இவர் கூட இருந்திருக்கிறார். தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைத்ததும் அங்கேயே எரித்துவிட்டார்கள். லீவில் வந்த அப்புச்சி அவருடைய ட்ரங்குப் பெட்டியைக் கணியூருக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"அவுங்கம்மா பொட்டியத் தொறந்து துணி துணியா எடுத்து வெச்சுது. அடி வரைக்கும் எடுத்துட்டு என்னையப் பாத்துது. 'பையன் எங்கீங்க'ன்னு கேட்டுது. எல்லாந் தெரிஞ்சுதான் கேட்டுது." போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா மெசினு கிசினெல்லாம் வேண்டாங் கண்ணு. மூச்சு இருக்கறப்பவே ஊடு கொண்டு போயிரு. தங்கவேலு மனசு எளகுனவன், அவனால ஆவாது. இது உன்ற டூட்டி."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க."

"டூட்டின்னா செரின்னு சொல்லோணும்."

"செரிங்க அப்புச்சி."

பயந்துகொண்டேதான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையையும் கடைசி வரைக்கும் நின்று முடித்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு கஞ்சி குடிக்கும்போது இருமினார். சின்ன இருமல்தான். மூளையில் அழுத்தம் இருந்தவர்களுக்கு விழுங்குவது சரியாக வராதாம். கஞ்சி வயிற்றுக்குப் போவதற்குப் பதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். அங்கே சீழ் பிடித்தால் நிமோனியா. காய்ச்சல் ஏறியது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். மறுபடியும் அதே கூடம், அதே ஸ்பீக்கர்.

"வென்டிலேட்டர் வெக்கணும்," என்றார் டாக்டர். "தொண்டை வழியா ஒரு குழாய் விட்டு, மூச்ச மெஷின் பாத்துக்கும். வெச்சா தேறலாம். தேறாமலும் போகலாம். வெச்சுட்டா எடுக்கறது கஷ்டம்."

"வெச்சுருங்க," என்றார் மாமா.

நான் அப்புச்சி சொன்னதைச் சொன்னேன்.

"அவரு சொல்லுவாருடா," மாமாவின் குரல் உடைந்தது. "இத்தன வருசத்துல இப்பத்தான் எங்கூட ஒக்காந்து பேசுனாரு. இன்னும் நாலு நாளு பேசுவாரில்ல? நீதான ஆபரேசன் வேணும்ன?"

"நாந்தானுங்க."

"இப்ப நீயே வேண்டாங்கற."

"என்னையச் சொல்லச் சொல்லீட்டாருங்க மாமா."

டாக்டர் கேஸ் ஷீட்டை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். பிறகு, "கொண்டு போறதுன்னா இப்பவே கிளம்புங்க. வழியிலயே ஆயிடலாம், அதுக்குத் தயாரா இருங்க," என்றார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். ஆம்புலன்ஸ் ஏற்பாடாவதற்குள் அத்தை வீட்டைக் கழுவி வைக்க பஸ்ஸில் முன்னால் போனாள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் மதுரைப் பக்கத்து ஆள். முன்சீட்டில் மாமாவை ஏறச் சொன்னார். மாமா கேட்கவில்லை. "என்னால பாக்க முடியாதுங்க," என்று மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். பின்புறம் நானும் அப்புச்சியும் மட்டும்.

"தம்பி, மூஞ்சியில இருக்குற மாஸ்க்க மட்டும் பாத்துக்கிட்டே வாங்க," என்றார் டிரைவர். "உள்ள ஆவி படிஞ்சு படிஞ்சு மறையும். அதான் மூச்சு. வேற எதையும் பாக்காதீங்க."

பார்த்தேன். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், மறையும். பல்லடம் தாண்டும் வரை நெரிசல். பனியன் மூட்டை ஏற்றிய வேன்கள் வழிவிடாமல் நின்றன. அதைத் தாண்டினால் காற்றாலைகளும் காலி ரோடும். நான் அப்புச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தெந்த ஊர் வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆவி படிவதற்கு இடையே நேரம் நீண்டது. ஒவ்வொரு முறையும் இனி வராது என்று நினைப்பேன், வரும். என் மூச்சும் அதோடு நின்று நின்று வந்தது. குண்டடம் வருவதற்குச் சற்று முன்னால் மறைந்த ஆவி திரும்பப் படியவில்லை. காத்திருந்தேன். ஒரு காற்றாலையின் நிழல் வண்டிக்குள் வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. பிளாஸ்டிக் தெளிவாகவே இருந்தது.

"அண்ணே," என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேகத்தைக் குறைக்கவில்லை. "மாஸ்க்குல கை வைக்காதீங்க தம்பி. எடுக்க வேண்டியவுக எடுப்பாக. கைய மட்டும் விட்டுறாதீங்க."

விடவில்லை.

வாசலில் ஊரே நின்றிருந்தது. கதவைத் திறந்ததும் வயதில் மூத்த பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். கேட்க வேண்டியதைக் கேட்பது அவர் வேலை. அதற்குள் மாமா வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தைப் பிடித்தார். அவர் கை அப்புச்சியின் பாதத்தில் பட்டது. பட்டு, அங்கேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. வாயும் திறக்கவில்லை.

"தங்கவேலு, உசுரு இருக்குதா?" என்றார் பெரியவர்.

"இருக்குதுங்க," என்றார் மாமா உரக்க. "உள்ள உடுங்க."

வழி விட்டார்கள். முன்கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. அப்புச்சி கட்டிய சுவர்களுக்கு நடுவில் அவரைக் கிடத்தினோம். அத்தை ஒரு கிண்ணத்தில் பாலோடு வந்து மண்டியிட்டாள். மாஸ்க்கை ஓரமாக நகர்த்தி ஒரு கரண்டி ஊற்றினாள். பால் கடைவாயில் வழிந்தது. சுற்றி நின்றவர்களுக்குத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு, பனியன் துண்டால் அதை ஒற்றி எடுத்தாள்.

"எறங்குதுங்க," என்றாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அத்தை ஒற்றினாள். கடைசியில் மாமா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, மாஸ்க்கைத் தன் கையால் கழற்றி, "போயிட்டாருங்க," என்றார். அப்போதுதான் அழுதார். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு வந்து சேந்துதான் உசுர உட்டிருக்கறான்," என்றார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவரையும் சேர்த்து எங்கள் நான்கு பேருக்குள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு பேச்சும் இல்லை. நான் எழுதப்போவதாகச் சொன்னபோது, "நடந்தத எழுது மாப்ள, எனக்கென்ன," என்றார் மாமா.

பக்கத்து ஊர்களிலிருந்து முன்னாள் ராணுவத்தார் சிலர் வந்து, வேட்டியோடு வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அதற்கு முன்பே, டிரைவர் கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார். "எங்கிட்டப் பின்னாடி உக்கார ஆளு நிக்க மாட்டேங்குது தம்பி. பயந்துக்கிட்டு ஓடிர்றாய்ங்க."

"எனக்கும் பயந்தானுங்க."

"பாத்தேன். கைய விடலையில்ல."

மறுநாள் அப்புச்சியின் சாம்பலைத் தாராபுரத்தில் அமராவதியில் கரைத்தோம். கருமாதி வரைக்கும் இருடா என்றார் மாமா. அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்றேன். அத்தை வெட்டுத்துணிப் பை ஒன்றை என் கையில் திணித்தாள். பஸ் நிலையத்திலிருந்து டிரைவருக்குப் போன் செய்தேன்.

அடுத்த நாள் காலை திருப்பூரில் வேலையில் சேர்ந்தேன். முதல் நடையே ஒரு பாட்டியைக் காங்கேயத்துக்கு அப்பால் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவருடைய மகள், என் வயதுதான் இருக்கும், தைக்கிற இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையெல்லாம் நூல் ஒட்டியிருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"ஏனுங்க," என்றாள், "ஊடு போற வரைக்கும் தாங்குமுங்களா?"

மாஸ்க்கைப் பார்த்தேன். ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

"கையப் புடிச்சுக்குங்க," என்றேன். "என்ன ஊரு வருதுன்னு அம்மாகிட்டச் சொல்லீட்டே வாங்க."